யாருடைய உடம்பில் சோதித்த மருந்து?

மார்பகப் புற்றுநோய் கண்ட இரண்டு ஸ்திரீகளுக்கு ஒரே டாக்டர் ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுக்கிறார். ஒருத்திக்குக் கட்டி கரைந்துவிடுகிறது. மற்றவளுக்கோ தலைமயிர் உதிர்ந்ததும், வாய் புண்ணானதும், இருந்த நகை அடகுக்குப் போனதுமே மிச்சம். கட்டி இருந்த இடத்திலேயே இருக்கிறது. இதைத் தலைவிதி என்று சொல்லி நம் ஜனங்கள் இத்தனை காலமும் மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்தார்கள். விதி என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் மறைந்திருந்த காரணங்களில் சில இப்போது வெளிப்பட்டிருக்கின்றன. கட்டியின் ஜீன்கள் ஒரு காரணம். அந்தப் பெண் தாய் தந்தையரிடமிருந்து பெற்ற ஜீன்கள் மற்றொரு காரணம். மரபணு என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லுகிறார்களே, அதுதான் ஜீன்.

இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம், தலையங்கப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். 2022-ஆம் வருஷத்தில் நமது தேசத்தில் ஏறத்தாழ 1,92,000 ஸ்திரீகளுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. அதே வருஷத்தில் ஏறத்தாழ 98,000 பேர் இதனால் மாண்டார்கள். இது உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பு. அமெரிக்காவில் அதே வருஷம் சுமார் 2,90,000 பேருக்கு நோய் கண்டது. மாண்டவர்கள் 43,000 அளவில்தான். இந்த வித்தியாசத்துக்குப் பெருங்காரணம், நம்மவர்கள் கட்டி முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதுதான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வந்து சேர்ந்தவளுக்கு அவளுடைய கட்டிக்குப் பொருந்திய மருந்து கிடைக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. பணமும் அதிகாரமும் சம்பந்தப்பட்ட கேள்வி அது. ஆகவே ராஜீய விஷயங்களில் ஈடுபட்டவர்கள் அதை டாக்டர்களிடம் மட்டும் விட்டுவிட்டு இருப்பதற்கில்லை.

தேனி ஜில்லாவையே எடுத்துக்கொள்வோம். கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் புறப்பட்டு, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக மலையேறி, கூலிப் பெண்களை இடுக்கி ஏலத் தோட்டங்களில் கொண்டுபோய் விடுகின்றன. பொழுது சாயும்போது அவர்கள் திரும்புகிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்திக்குக் கீமோ மருந்து ஏற்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை, 6 தடவையோ 8 தடவையோ ஏற்ற வேண்டும். கம்பத்திலிருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல். சென்னை அடையாறோ 500. 2023-ஆம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து போடிக்கு ரயில் வந்திருப்பது பெரிய உதவி. பள்ளத்தாக்கின் மேற்பாதிக்கு அதுவும் எட்டாது. கூலியையும் இழந்து, கூடப் போகும் மகனுடைய கூலியையும் இழந்து, நாலைந்து மாதம் ஓர் மருந்தை ஏற்றிக்கொண்டு, அது அவளுடைய கட்டிக்கு ஆகாத மருந்து என்று கடைசியில் தெரியவந்தால், அந்த நாலைந்து மாதத்தை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? (தோட்டத்துப் பூச்சிமருந்தால்தான் நோய் வருகிறது என்று அங்கே பலர் சொல்லுகிறார்கள். அது தனியாக ஆராய வேண்டிய விஷயம். இங்கே நாம் அதில் இறங்கவில்லை.)

கட்டியின் ஜீன் என்று சொன்னோம். அதில் மிகத் தெளிவான உதாரணம் ஹெர்-2 என்பது. மார்பகப் புற்றுக் கட்டிகளில் 100-க்கு 15 முதல் 20 வரையில் இந்த ஜீன் ஒன்றுக்குப் பலவாகப் பெருகி நிற்கிறது. அப்படிப்பட்ட கட்டி வேகமாக வளரும். வழக்கமான கீமோ மட்டும் அதற்குப் போதாது. ஆனால் அந்தப் பெருக்கத்தையே குறிவைக்கும் டிராஸ்டுஜுமாப் என்னும் மருந்தைக் கீமோவுடன் சேர்த்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. அமெரிக்காவில் 1998-இல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் அது வெகுகாலம் பணக்காரர் மருந்தாகவே இருந்தது. ஒரு குப்பி 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது, ஒரு வருஷ காலம் தொடர்ந்து ஏற்ற வேண்டும். ஏலத் தோட்டத்துக் கூலிக்காரியிடம் இந்தக் கணக்கைச் சொல்லி என்ன பிரயோஜனம்? நோயாளிகளின் சார்பில் பலர் கிளர்ச்சி செய்தார்கள். 2013-இல் ரோச் கம்பெனி இந்தியாவில் தன் பேடண்ட் உரிமையைக் கைவிட்டது. 2014-இல் பெங்களூரைச் சேர்ந்த பயோகான் கம்பெனி அதற்கு ஒப்பான மருந்தைக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. 2015-இல் சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இடம் பெற்றது. பின்னர் வேறு சுதேசிக் கம்பெனிகளும் முன்வரவே விலை மேலும் இறங்கியது.

இதற்கு அஸ்திவாரம் போட்டவர் யார் என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. நீதிபதி என். ராஜகோபாலய்யங்கார் 1959-இல் கொடுத்த அறிக்கையே 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்துக்கு மூலம். மருந்தின் பேரில் பேடண்ட் இல்லை, செய்முறையின் பேரில்தான் உண்டு என்று அந்தச் சட்டம் விதித்தது. 2005-இல் அந்த விதி மாற்றப்பட்டது. ஆனால் அந்த 35 வருஷத்தில் வளர்ந்த சுதேசி மருந்துத் தொழில்தான் இன்று உலகத்து ஏழைகளுக்கு மருந்து கொடுக்கிறது. கதர் விற்ற காலத்துச் சுதேசியத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எண்ணுகிறவர்கள் சரித்திரம் அறியாதவர்கள்.

சம்பந்தம் நேராகவே இருக்கிறது. பீமவரத்தில் 1895-இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மெடிக்கல் காலேஜில் படிக்கும்போது மகாத்மாவின் கட்டளைக்கு இணங்கிக் கதர் அங்கி தரித்தார். வெள்ளைக்கார ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்க வேண்டியவருக்கு அதிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. 1923-இல் அவர் அமெரிக்கா சென்றார். லெடர்லே ஆராய்ச்சிசாலையில் அவரும் அவருடைய சகாக்களும் உண்டாக்கிய மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்சேட். மார்பகப் புற்றுக்குச் சத்திர சிகிச்சை செய்த பிறகு கீமோ கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று 1976-இல் இத்தாலியின் மிலான் நகரத்து டாக்டர் பொனடோனா காட்டியபோது, அவர் சேர்த்துக் கொடுத்த மூன்று மருந்துகளில் இதுவும் ஒன்று. அதைக் காணச் சுப்பாராவ் உயிரோடில்லை, 1948-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த மூன்றில் இன்னொன்று சைக்ளோபாஸ்பமைடு. அதன் பூர்வோத்தரம் வேறு விதமானது. யுத்த விஷமாகிய மஸ்டர்ட் வாயுவின் வம்சத்திலிருந்து பிறந்த மருந்து அது. 1930-களில் தொடங்கிப் பத்து வருஷத்துக்கு மேல், ராவல்பிண்டியில் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அந்த வாயுவை நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் மீது பிரயோகித்துப் பார்த்தார்கள் என்பது 2007-இல் பழைய ராணுவ தஸ்தாவேஜுகளிலிருந்து வெளியாயிற்று. வெள்ளைக்காரனுடைய தோலைக் காட்டிலும் இந்தியனுடைய தோலுக்கு அது அதிகச் சேதம் விளைவிக்கிறதா என்று அறிவதே நோக்கமாம்! கொல்லும் விஷம் நம் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்பதில் அன்றைய ஆட்சிக்கு இருந்த அக்கறையில் கால்பங்கு, பிழைக்க வைக்கும் மருந்து நம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதில் இன்று நமக்கு இருக்க வேண்டாமா?

ஏனெனில் அது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சைக்ளோபாஸ்பமைடு ஏற்றியவுடனே மருந்தாகிவிடுவதன்று. கல்லீரலிலுள்ள சில என்ஸைம்கள் அதை மாற்றிய பிறகே அது மருந்து. அந்த என்ஸைம்களை உண்டாக்கும் ஜீன்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. கேப்பசிட்டபின் என்ற மாத்திரையில் விஷயம் நேர் எதிரானது. அதை உடம்பு சிதைத்து வெளியேற்ற வேண்டும். அதற்குரிய டி.பி.டி. என்ற என்ஸைம் குறைந்தவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகி உயிரையும் வாங்கிவிடலாம். ஆகையால் மருந்து தொடங்குமுன் அந்த ஜீனைச் சோதிக்கும்படி ஐரோப்பிய மருந்து ஆணையகம் 2020-இல் யோசனை கூறியது. நல்ல யோசனைதான். ஆனால் வழக்கமாகச் சோதிக்கப்படும் 4 மாறுதல்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் கண்டவை. மற்ற ஜனங்களிடமுள்ள மாறுதல்களை அச்சோதனை தவறவிடக்கூடும். சோதனையில் 'குறையொன்றுமில்லை' என்று வந்த காகிதத்தை நம்பி முழு அளவு மாத்திரையை நம் பெண் விழுங்கினால், அந்தக் காகிதம் யாருக்காக எழுதப்பட்டது?

இதில் யாரும் வஞ்சகம் செய்துவிடவில்லை. ஜீன்களையும் நோய்களையும் ஒப்பிட்ட உலக ஆராய்ச்சிகளில் சேர்ந்தவர்கள் 10-இல் 8 பேருக்கு மேல் ஐரோப்பிய வம்சத்தார். அவர்கள் தங்கள் ஜனங்களை அளந்தார்கள். நாம் நம்முடையவர்களைப் போதிய அளவு அளக்கவில்லை. இந்திய சர்க்காரின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2024 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவின்படி, அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் முதலிய தேசங்களில் அனுமதி பெற்ற சில வகைப் புது மருந்துகளுக்கு, தற்போதைய சிகிச்சையைவிடப் பெரிதும் மேம்பட்டவை உட்பட, இங்கே தனிச் சோதனை நடத்த வேண்டிய அவசியமில்லை. நல்ல மருந்து சீக்கிரம் வரட்டும். அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. விற்பனைக்கு வந்த பிறகாவது இங்குள்ளவர்களுக்கு அது என்ன செய்கிறது என்று கணக்கெடுக்க வேண்டுமென்று அந்த உத்தரவே சொல்லுகிறது. அந்தக் கணக்கு ஒழுங்காக எடுக்கப்படுகிறதா என்று கேட்பது சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்களின் கடமை.

நாமே அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு ஹார்மோன் மருந்தும் பயன்படாது, ஹெர்-2 மருந்தும் பயன்படாது. மூன்று சோதனையிலும் 'இல்லை' என்று வருவதால் அதை 'டிரிப்பிள் நெகட்டிவ்' என்கிறார்கள். மேல்நாடுகளில் 100-க்கு 10 முதல் 15 வரை காணும் இந்த வகை, நம் நாட்டில் 100-க்கு 25-க்கு மேல் காண்கிறது. இளவயதுப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. இவர்களுக்கு வழக்கமான கீமோவோடு கார்போபிளாட்டின் என்ற பழைய, மலிவான மருந்தைச் சேர்த்தால் என்ன என்று பம்பாய் டாடா ஆஸ்பத்திரியார் 720 பெண்களிடம் சோதித்து, 2022 டிசம்பரில் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதுக்கு மேற்படாதவர்களில் 5 வருஷம் பிழைத்திருந்தவர்கள் 100-க்குச் சுமார் 66 பேராக இருந்தது, மருந்து சேர்த்தபோது சுமார் 77 ஆயிற்று. புது மருந்துமில்லை, பேடண்டுமில்லை, பல லட்சம் செலவுமில்லை. இத்தகைய ஆராய்ச்சியைப் பெருங்கம்பெனிகள் நடத்தமாட்டா. அதில் அவற்றுக்கு லாபம் ஏது?

இந்த மருந்து ஏன் சிலருக்கு அதிகம் பலிக்கிறது என்பதற்கும் ஜீன் விளக்கம் உண்டு. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற இரண்டு ஜீன்கள் உயிரணுவுக்குள் ஜீன் இழை அறுந்தால் ஒட்டுப்போடும் வேலையைச் செய்கின்றன. கண்மாய்க் கரை உடைந்தால் அடைக்க ஆள் இருக்கும் ஊரைப் போன்றது நல்ல அணு. பழுதான ஜீனுடன் பிறந்தவளுடைய கட்டியில் அந்த ஆள் இல்லை. கார்போபிளாட்டின் செய்வது கரையை உடைப்பதுதான். அடைக்க ஆளில்லாத கட்டி அதில் அழிகிறது. 2018-இல் வெளியான ஓர் பிரிட்டிஷ் ஆராய்ச்சியில், முற்றிய நோயுள்ளவர்களில் இந்தப் பழுதுடையவர்கள் 100-க்கு 68 பேரிடம் கார்போபிளாட்டினால் கட்டி சுருங்கியது; டோசிடாக்செல் என்ற மருந்தினால் 33 பேரிடம்தான். பழுதில்லாதவர்களிடம் கார்போபிளாட்டினுக்கு இந்த மேன்மை காணப்படவில்லை. டாடா ஆஸ்பத்திரியார் ஜீன் பாராமல் வயதைக்கொண்டு கண்டதும் இதுவும் முற்றும் ஒன்றல்ல என்றாலும், ஒரு திசையைக் காட்டுகின்றன.

பி.ஆர்.சி.ஏ. 1 ஜீனில் '185-டெல்-ஏஜி' என்று ஓர் பழுது உண்டு. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் குடும்பங்களில் அது பரவியிருப்பது 1990-களிலேயே பிரசித்தம். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெருமுயற்சியால் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்தார் தென்னிந்தியக் குடும்பங்களைச் சோதித்தபோது, அதே பழுது இங்கும் திரும்பத் திரும்பத் தென்பட்டது. யூதருக்கும் நமக்கும் என்ன உறவு என்று வியக்க வேண்டாம். இங்கே அது தனியாகவே தோன்றியிருக்க வேண்டும் என்று ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. தேடினோம், கிடைத்தது. தேடாத இடங்களில் என்ன இருக்கிறதோ!

இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பழுது தாய் வழியில்தான் வரும் என்பது தவறு; தந்தையிடமிருந்தும் மகளுக்குப் போகும். பழுதுடைய ஜீனைப் பெற்ற பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கு 80 வயதுக்குள் நோய் காண்கிறது. ஆகவே அத்தையோ, பாட்டியோ, அக்காளோ இளவயதில் இந்நோயால் மாண்டிருந்தால், 'பெண்பிள்ளைகள் விஷயம்' என்று அதை மூடி மறைப்பது மகளுக்குச் செய்யும் துரோகம். சம்பந்தம் பேசும் இடத்தில் தெரிந்துவிடுமே என்ற பயம் எத்தனையோ வீடுகளில் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. அதேசமயம் வீண் பீதியும் வேண்டாம். மார்பகப் புற்றுகளில் இப்படிப் பரம்பரையாக வருபவை 100-க்கு 5 முதல் 10 வரையில்தான்.

இனி, பள்ளத்தாக்கின் ஜனங்களைப் பற்றி. மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் சாலையிலுள்ள உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்று ஒரு கிராமம். மதுரை காமராஜர் சர்வகலாசாலைப் பேராசிரியர் பிச்சப்பன் இப்பிரதேசத்தில் இரத்தம் சேகரித்து ஆராய்ந்ததில், ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை சென்ற ஆதி மனிதரின் அடையாளம் அக்கிராமத்தார் ஒருவரிடம் இருந்தது. உலகமெங்கும் அந்தச் செய்தி பரவியது. மனித ஜாதியின் சரித்திரத்தை எழுத இந்த ஜனங்களின் இரத்தம் உதவியது. அவர்களுடைய பெண்டிரின் வைத்தியத்துக்கும் அது உதவ வேண்டும் என்பதே நமது வாதம்.

உதவ முடியும். சின்னஞ்சிறு பிரதேசமாகிய கம்பம் பள்ளத்தாக்கில் கள்ளர், கன்னடம் பேசும் ஒக்கலிகர், தெலுங்கு பேசும் நாயக்கர், ராவுத்தர், மலைமேல் பளியர் என்று எத்தனையோ சமூகத்தார் நெடுங்காலமாகப் பெரும்பாலும் தத்தமக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்திருக்கிறார்கள். அத்தகைய சமூகங்களில் என்றோ ஒரு முன்னோரிடம் தோன்றிய மாறுதல் பெருகி நிற்கும். ஆரிய வைசியர்களில் சிலருக்கு, ஆபரேஷனுக்கு முன் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ஸ்கோலின் சில நிமிஷத்தில் நீங்காமல் மணிக்கணக்கில் நின்றுவிடுவதை நம் ஊர் டாக்டர்கள் அனுபவத்திலேயே அறிவார்கள். முன்கூட்டியே கேட்டு வேறு மருந்து கொடுத்துவிடுகிறார்கள். புற்றுநோய் மருந்துகளிலும் இத்தகைய அறிவு நமக்கு வேண்டும். ஜாதிப் பெருமை பேசுவோர் இதைக் கையில் எடுத்துக்கொள்ள இடமில்லை. பழுதில்லாத சமூகம் உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

ஆனால் ஒரு நிபந்தனை. அந்நிய சர்க்கார் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ்ப் பிரமலைக் கள்ளர்களின் விரல்களைப் பிடித்து ரேகை வாங்கியது. மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல். ரேகை கொடுக்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ரேகையினும் நுட்பமான ஒன்றைக் கேட்கப் போகிறோம். எதற்காக, எங்கே வைக்கப்படும், யார் பார்ப்பார்கள், அதிலிருந்து பிறக்கும் மருந்தோ சோதனையோ அவர்களுக்கு என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதைத் தமிழில், புரியும்படி, முன்கூட்டியே சொல்லி, சம்மதம் பெற்றே கேட்க வேண்டும். வேண்டாமென்பவரை வற்புறுத்தலாகாது, வேண்டாமென்றதற்காகச் சிகிச்சையில் குறை வைக்கலாகாது. அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி பி.ஆர்.சி.ஏ. ஜீன்களையே தன் சொத்தாகப் பேடண்ட் செய்துகொண்டு சோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் வாங்கியது. 2013-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட், இயற்கையிலுள்ள ஜீன் ஒருவர் சொத்தாகாது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியதாயிற்று. தேசத்தின் பல சமூகத்தாரிடம் எடுத்த 10,000 பேரின் முழு ஜீன் தொகுதியை இந்திய சர்க்கார் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல ஆரம்பம். ஆனால் அவற்றில் கீமோ ஏற்றிக்கொண்ட பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்ற விவரம் ஆஸ்பத்திரிகளிலிருந்துதான் வர வேண்டும்.

பெரிய ஆராய்ச்சி வரும்போது வரட்டும். இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஜீன் இயந்திரமும் வேண்டாம். ஹார்மோன், ஹெர்-2 சோதனைகள் செய்யாமல் ஒரு பெண்ணுக்கும் கீமோ தொடங்கலாகாது. அந்தச் சோதனை சரியாக வருவது, கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டை ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போடுவதைப் பொறுத்திருக்கிறது. 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் அதில் ஊற வேண்டும். சிறு ஊர் ஆஸ்பத்திரியில் எடுத்த துண்டு, பாட்டிலில் போதிய பார்மலின் இல்லாமல் பஸ்ஸில் பிரயாணம் செய்து கெட்டுப்போனால், இருக்கிற ஹெர்-2 'இல்லை' என்று வந்துவிடலாம். பிறகு எந்த மேதாவி டாக்டர் பார்த்தும் என்ன? அந்தத் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து வைக்கிறார்கள். வேறிடத்தில் மறு சோதனை வேண்டுமென்றால் நோயாளி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது நம் கிராமத்தாருக்குத் தெரியாது. கட்சித் தொண்டர்கள் ஓட்டுக் கேட்கப் போகும்போது இதையும் சொன்னால் நன்றாயிருக்கும்.

க. விலக்கிலுள்ள தேனி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இந்த வேலைக்கு ஏற்ற ஸ்தலம். ஜில்லாவில் எந்த மூலையில் எடுத்த சதைத்துண்டும் அன்றே அங்கே வந்து சேரவும், பி.ஆர்.சி.ஏ. சோதனை தேவைப்படும் இளம் பெண்களின் இரத்தம் அங்கிருந்தே அடையாறுக்கோ வேறு சர்க்கார் நிலையத்துக்கோ போகவும், செலவு இன்ஷுரன்ஸ் திட்டத்தில் அடங்கவும் ஏற்பாடு வேண்டும். ஆண்டிபட்டி, பெரியகுளம், போடி, கம்பம் தொகுதிகளின் 4 அங்கத்தினர்களும் எந்தக் கட்சியாராயினும் சரி, அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் சுகாதார மந்திரியை ஒரு கேள்வி கேட்கட்டும்: கம்பத்தில் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து சதை எடுத்த நாளுக்கும் அவளுடைய ஹெர்-2 ரிப்போர்ட் அவள் கைக்கு வரும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஆகிறது?